கோடு யாரோடது? ஸ்டார் சிட்டிசன் குழுக்களில் ரெஃபரல் தகராறுக்கு எந்த வழி சரிவரும்

வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை, கொளத்தூர் என்று வடசென்னையில் அங்கங்கே இருக்கும் கேம் ஆட்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். அட்மின்களில் நானும் ஒருவன். குழுவில் பெரும்பாலும் மொபைலில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுபவர்கள். சொந்தமாக சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேருக்குள் ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளிக் கப்பல் கேம் ஆடும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஆள் குறைவு, சத்தம் அதிகம். அந்தச் சத்தத்தில் முக்கால்வாசி ரெஃபரல் கோடு பற்றியது, அதாவது புதிய ஆளைச் சேர்த்துவிட்டால் நமக்குப் பரிசு வாங்கித் தரும் கோடு.

யாராவது புதிதாக வந்து “ண்ணா, இந்த கேம் எப்டி இருக்கு?” என்று கேட்டால் போதும். கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்னால் அவனுடைய தனி மெசேஜில் கோடுகள் வந்து விழுந்துவிடும். அப்புறம் யார் முதலில் போட்டது, யார் யாருடைய ஆளைத் தூக்கியது என்று பஞ்சாயத்து. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் ஒருவர் மெசேஜுக்கு மற்றவர் பதில் போடாத நிலை வந்த பிறகுதான், இதற்கு ஒரு விதி வேண்டும் என்று அட்மின்கள் உட்கார்ந்தோம். பேசிப் பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. இதே தலைவலி உள்ள மற்ற குழுக்களுக்கும் பயன்படலாம்.

கேமைப் பற்றி முதலில்

விங் கமாண்டர் என்ற விண்வெளிச் சண்டை கேம் வரிசையை 1990-ல் தொடங்கிய கிறிஸ் ராபர்ட்ஸ், 2012 அக்டோபரில் ஸ்டார் சிட்டிசனை அறிவித்தார். பெரிய கம்பெனிக் காசு வேண்டாம், ரசிகர்கள் தரும் காசிலேயே செய்கிறோம் என்றார். 2014-ல் வெளிவரும் என்று பேச்சு. வாங்கிய கப்பலைச் சுற்றிப் பார்க்க ஒரு ஹேங்கர், அதாவது கப்பல் நிறுத்தும் கொட்டகை, 2013-ல் வந்தது. 2014-ல் கப்பலை வைத்துச் சண்டை போடும் பகுதி வந்தது. 2017 டிசம்பரில் 3.0 பதிப்பு, 2024 டிசம்பரில் 4.0. இன்னும் அதன் பெயர் ஆல்ஃபாதான், அதாவது முடியாத சோதனைப் பதிப்பு. இதன் கூடவே தனியாக ஆடும் கதை கேம் ஒன்றும் செய்கிறார்கள். ஸ்க்வாட்ரன் 42 என்று பெயர். அது 2026-ல் வரும் என்று 2024 அக்டோபரில் சொன்னார்கள். ரசிகர்களிடமிருந்து திரண்ட தொகை 2022 செப்டம்பரில் 50 கோடி டாலரைத் தொட்டது, 2025-ல் 80 கோடியைத் தாண்டியது. 2012-ல் பத்தாவது படித்துக்கொண்டிருந்தவன் இப்போது தன் பிள்ளைக்கு எல்கேஜி சீட்டு தேடிக்கொண்டிருக்கிறான். கேம் மட்டும் இன்னும் ரிலீஸ் ஆகவில்லை.

வெளிவராத கேம் என்றாலும் ஆட முடியும். இதுதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். முடிந்த கேமாக இருந்தால் நாலு பேர் ஆடிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிடுவார்கள், விஷயம் முடிந்தது. இங்கே பாதி ஆட்டம், பாதி வாக்குறுதி. “இப்போ கேம்ல லிஃப்ட் வராது, அடுத்த பேட்ச்ல சரி பண்ணிடுவாங்க” என்று ஒருவன் சொல்லும்போது, அது அவன் நம்பிக்கையா, இல்லை அவன் கோடுக்கு வரப்போகும் பாயிண்டா என்று கேட்பவனுக்குத் தெரியாது. சில சமயம் சொல்பவனுக்கே தெரியாது.

பரிசு எப்படி வருகிறது

ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரெஃபரல் கோடு உண்டு. புதிதாக வருபவர் கணக்கு தொடங்கும் படிவத்தில் யாராவது ஒருவருடைய கோடைப் போட்டால், அந்தப் புதியவருக்கு கேமுக்குள் செலவு செய்யும் பணம் கிடைக்கும். அதை யூஇசி என்பார்கள். பல வருடம் 5,000 ஆக இருந்தது, இப்போது 50,000. கேட்கப் பெரிதாக இருக்கும். உள்ளே போய்ச் சில மிஷன் ஓடினால் சம்பாதித்துவிடக்கூடிய தொகைதான்.

கோடு தந்தவருக்கு அப்போது ஒன்றும் வராது. புதியவர் 40 டாலரோ அதற்கு மேலோ உள்ள கேம் பேக்கேஜ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால்தான் ஒரு பாயிண்ட். பாயிண்ட் ஏற ஏற ஏணிப்படி போலப் பரிசுகள், துப்பாக்கி, கவசம், கப்பல் என்று போகும். இந்தக் கப்பல்களை வெறும் கேம் பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. கடையில் நிஜக் காசுக்கு விற்கிறார்கள். ஆரம்பநிலை அரோராவும் மஸ்டாங்கும் கேமோடு சேர்த்து 45 டாலர், ஏறக்குறைய 4,000 ரூபாய். மேலே போகப் போக நூற்றுக்கணக்கில் டாலர். 2018-ல் அப்போதிருந்த கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சேர்த்து லெகேட்டஸ் என்று ஒரு பேக் போட்டார்கள், 27,000 டாலர். அதைக் கண்ணால் பார்க்கவே முன்னாடி 1,000 டாலர் செலவு செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கடையில் ஒரு கப்பல் சும்மா கிடைக்கிறது என்றால் பையன்களுக்குக் கை பரபரக்கத்தான் செய்யும். குறை சொல்ல மாட்டேன்.

விதி போட நினைக்கும் அட்மின் மூன்று விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு கோடுதான். பரிசு கோடு வைத்திருப்பவரின் கணக்கில் ஒட்டிக்கொள்ளும், பிரித்துக் கொடுக்க முடியாது. மூன்றாவது, எங்கள் குழுவில் பலருக்கு உறைக்காதது: புதியவருக்கு யாருடைய கோடு போட்டாலும் ஒரே பலன். “என் கோடு போட்டா உனக்கு அதிகமா வரும்” என்று யாராவது சொன்னால் அது பொய். கம்பெனி அவ்வப்போது புதியவர்களுக்கு ஒரு சின்னக் கப்பலையோ வண்டியையோ கூடுதலாகத் தரும் நாட்களிலும் இதே கதைதான்.

கோளாறு எங்கே இருக்கிறது

வருடத்தில் சில தடவை ஃப்ரீ ஃப்ளை என்று கொஞ்ச நாள் இலவசமாகத் திறந்துவிடுவார்கள். பெரிய இரண்டு, மே மாதம் இன்விக்டஸ் என்ற கேம் விழா வாரத்திலும் நவம்பரில் நடக்கும் கப்பல் கண்காட்சியிலும் வரும். புதியவர்கள் இந்த நாட்களில்தான் மொத்தமாக வருவார்கள். இலவசமாக ஆடுவதற்கும் கணக்கு வேண்டும், கணக்கு தொடங்கும்போதே கோடு போடும் கட்டம் வந்து நிற்கும். ஆக, கேம் பிடிக்குமா பிடிக்காதா, தன் சிஸ்டம் தாங்குமா தாங்காதா என்று எதுவும் தெரியாத நிமிடத்தில் கோடு முடிவாகிவிடுகிறது. உதவி எல்லாம் அதற்குப் பிறகுதான் தேவைப்படும்.

அந்த உதவி எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்ட சிஸ்டம். 8 ஜிபி ரேம். கேமுக்குக் குறைந்தது 16 வேண்டும், எஸ்எஸ்டி வேண்டும், அதில் 100 ஜிபிக்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒருவன் போனில் பொறுமையாகச் சொல்லி, எஸ்எஸ்டி மாற்றவைத்து, டிரைவர் போடவைத்து, ராத்திரியெல்லாம் டவுன்லோடு முடியவைத்தால் பையன் ஒரு படுக்கையில் கண் விழிப்பான். கேமுக்குள் சொல்கிறேன். எழுந்து அறையை விட்டு வெளியே வந்து லிஃப்ட் பட்டனை அமுக்க வேண்டும். ஃப்ரீ ஃப்ளை கூட்டத்தில் லிஃப்ட் வராது. வந்தாலும் உள்ளே ஏறியதும் தரை வழியாக விழுந்து செத்துப்போன அனுபவம் எல்லாருக்கும் உண்டு. தப்பித்தால் டிராம் பிடித்து விண்கலத் துறைமுகம், அங்கே கப்பலை வரவழைக்கும் கம்ப்யூட்டர், திரும்ப ஒரு லிஃப்ட், ஹேங்கர். கப்பல் ஏறி வானத்துக்குப் போனதும் சர்வர் அறுந்து 30,000 என்ற எரர் நம்பரோடு வெளியே தள்ளிவிடும். எங்கள் ஆட்கள் இதை “முப்பதாயிரம் வாங்கிட்டான்” என்பார்கள்.

இத்தனைக்கும் கூடவே இருந்து “பொறு மச்சி, இன்னொரு வாட்டி லாகின் பண்ணு” என்று தேற்றியவன் ஒருத்தன். முதல் நாளே தனி மெசேஜில் கோடு தள்ளிவிட்டுக் காணாமல்போனவன் வேறொருத்தன். பையன் கேம் வாங்கியதும் பாயிண்ட் போவது இரண்டாமவனுக்கு. “இன்னா மாமே, சிஸ்டத்துக்கு ரேம் போட்டதுலேர்ந்து நான் பாத்துக்கினேன், கோடு மட்டும் உன்னுதா?” என்று பொதுவில் வெடித்தது இப்படித்தான். கேட்டவன் பக்கம் நியாயம் இருக்கிறது. மற்றவன் விதி எதையும் மீறவில்லை என்பதும் உண்மை, ஏனென்றால் விதியே இல்லை.

யார் முந்துகிறாரோ அவருக்கு

இருக்கிறபடியே விட்டுவிடுவது முதல் வழி. அட்மினுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான் இதில் நல்லது. ஓடிப்போய்க் கோடு போடுபவன் ஜெயிப்பான், உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவன் தோற்பான். கொஞ்ச நாளில் சொல்லிக்கொடுப்பவன் வாயை மூடிக்கொள்வான். அப்புறம் குழுவில் கோடு மட்டும்தான் இருக்கும். எங்கள் குழுவிலேயே கிராஃபிக்ஸ் செட்டிங் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் புதியவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

சொல்லிக்கொடுத்தவருக்கே கோடு

குழுவில் முதலில் கைதட்டு வாங்கியது இந்த யோசனைதான். புதியவருக்கு ஒரு அண்ணன் பொறுப்பு. அவர் பார்த்துக்கொள்வார், அவர் கோடுதான் போட வேண்டும். உழைப்புக்குக் கூலி என்று கேட்க நியாயமாக இருக்கும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவருக்குப் பாயிண்ட் எப்போது வரும்? பையன் காசு கொடுத்து வாங்கும்போது. அப்படியென்றால் ஆலோசனை சொல்பவரும் விற்பவரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார். தீபாவளிச் சீட்டுக்கு ஆள் பிடிக்கிறவரிடமே “இந்தச் சீட்டுல சேரலாமா?” என்று கேட்டால் என்ன பதில் வருமோ அதுதான் வரும். 8 ஜிபி சிஸ்டம் வைத்திருப்பவனிடம் “இப்போ வாங்காத, காசை ரேமுக்குப் போடு” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “வாங்கி வச்சுக்கோ, அப்புறம் விலை ஏறிடும்” என்று வாய் தானாகப் போகும். எங்கள் பையன்களில் டெலிவரி வண்டி ஓட்டுபவர்கள் உண்டு, மணலிப் பக்கம் கான்ட்ராக்டில் ஷிப்ட் போகிறவர்கள் உண்டு. 4,000 ரூபாய் என்பது அவர்களுக்கு யோசித்துச் செய்ய வேண்டிய செலவு.

இன்னொன்றும் இருக்கிறது. யார் அண்ணன் என்பதற்கே சண்டை வரும். “நான்தான் அவன்கிட்ட முதல்ல பேசுனேன்” என்று ஆரம்பித்தால் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

குழுவுக்கு ஒரே கோடு

பொதுக் கோடு ஒன்று வைத்துக்கொள்ளலாம், எல்லாப் புதியவர்களும் அதையே போடட்டும், வரும் கப்பலை எல்லாரும் ஏறி ஆடுவோம். தண்டையார்பேட்டை ஆட்கள் கொண்டுவந்த யோசனை இது. கேரம் கிளப், ஃபுட்பால் டீம் என்று எல்லாவற்றையும் கூட்டாகச் செய்து பழகிய ஊரில் இப்படி யோசனை வருவது இயல்பு. சும்மா பேசவில்லை. பல பேர் சேர்ந்து ஓட்டும் கப்பல்கள் இந்த கேமில் உண்டு. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பீரங்கியில் உட்கார, மற்றவர் இன்ஜினைப் பார்க்க என்று ஆடலாம்.

நடைமுறையில் இடிக்கும் இடம் இது: குழு என்று ஒரு கணக்கு கிடையாது. யாரோ ஒருவருடைய மெயில், அவருடைய பாஸ்வேர்டு, அவருடைய போன் நம்பர். பரிசுக் கப்பல் அவர் ஹேங்கரில் நிற்கும். அவர் ஆன்லைனில் இருந்தால்தான் மற்றவர்கள் ஏற முடியும். அவருக்கு கத்தார் வேலை கிடைத்துப் போய்விட்டால்? குழுவோடு கோபித்துக்கொண்டால்? கணக்கை ஐந்தாறு பேர் பாஸ்வேர்டு பகிர்ந்து பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். பாஸ்வேர்டு பகிர்ந்த கணக்கு தொலைந்தால் கம்பெனியிடம் போய் யார் சொந்தக்காரர் என்று நிரூபிப்பது? சரி, நம்பிக்கையான ஒரு அட்மின் பெயரில் வைக்கலாம் என்றால், அந்த அட்மின் எந்தப் புதியவருக்கு என்ன பதில் சொன்னாலும் “உனக்குத்தான்பா லாபம்” என்ற பேச்சு வரும். நான் அந்த நாற்காலியில் உட்காரத் தயாராக இல்லை.

சின்னக் குழு, ஐந்தாறு பேர், எல்லாரும் பள்ளிக்கூட நண்பர்கள் என்றால் இந்த வழி ஓடும். அவர்களுக்கு விதியே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

கோடே கூடாது

ரெஃபரல் பேச்சையே தடை செய்வது. எங்கள் குழுவில் மூத்தவர்கள் இதைத்தான் கேட்டார்கள். போட்டால் முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை வெளியே. வெளிநாட்டு ரசிகர் குழுக்களில் பலவும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்தன. புதியவர் கேள்வி கேட்டால் பதிலாக கோடு மட்டுமே வருகிறது என்று அலுத்துப்போய்த் தடை போட்டார்கள்.

புதியவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. யூடியூபில் முதலில் கண்ணில் படும் கோடைப் போட்டாலும் அதே 50,000 வரும். ஆலோசனை சுத்தமாக இருக்கும், யாருக்கும் யார்மேலும் சந்தேகம் வராது. நான் பாதி மனதோடு இந்தப் பக்கம் சாய்ந்தேன்.

முழு மனதோடு சாயாததற்குக் காரணம் தனி மெசேஜ். குழுவில் தடை போட்டால் பொதுவில் நிற்கும், உள்ளே ஓடும். பொதுவில் போட்ட கோடாவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். தனி மெசேஜில் என்ன சொல்லி விற்றான் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஆட்கள் ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் இருக்கும் ஊர்க்காரர்கள். இவர்களுக்குள் தனி மெசேஜைத் தடுக்க எந்த அட்மினாலும் முடியாது. அது போக, எப்படியும் யாரோ ஒருவருக்குப் போகப்போகிற பாயிண்ட் முகம் தெரியாத யூடியூபருக்குப் போவதைவிட நம் தெருப் பையனுக்குப் போகட்டுமே என்ற ஆதங்கத்தையும் தள்ள முடியவில்லை.

முறை வைத்துக் கொடுப்பது

கடைசியாக நாங்கள் எடுத்தது இது. கோடுகளுக்கு ஒரு பட்டியல். புதியவர் கணக்கு தொடங்கப்போகிறார் என்றால் பட்டியலில் அடுத்து யார் இருக்கிறாரோ அவருடைய கோடை அட்மின் பொதுவில் போடுவார். அவர் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். யாரும் தனியாகக் கோடு அனுப்பக்கூடாது. அனுப்பியது தெரிந்தால் பட்டியலிலிருந்து பெயர் போகும். தனி மெசேஜைத் தடுக்க முடியாது என்றேன், இதிலும் முடியாதுதான். ஆனால் முழுத் தடையில் திருட்டுத்தனமாக அனுப்புபவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. இங்கே வரிசையில் தனக்கு வரவேண்டியதை இழப்பான். அதனால் அவனே யோசிப்பான், மற்றவர்களும் கண் வைத்திருப்பார்கள்.

பட்டியலில் யார் இருக்கலாம் என்பதில்தான் அதிகம் பேசினோம். எல்லார் பெயரும் என்றால், வாயே திறக்காதவனுக்கும் உழைத்தவனுக்கும் ஒரே பங்கு. ஆகவே முந்தைய ஃப்ரீ ஃப்ளையில் புதியவர்களுக்கு உட்கார்ந்து உதவியவர்கள் பெயர் மட்டும் பட்டியலில் வரும். உதவினார்களா என்று புதியவர்களையே கேட்போம். கூலி உண்டு, ஆனால் உதவி வாங்கிய அதே பையனிடமிருந்து கிடையாது. இன்று நான் கொளத்தூர்ப் பையனுக்கு டிரைவர் போட்டுக்கொடுக்கிறேன், அவன் போட்டது வேறு யாருடைய கோடோ. அவன் கேம் வாங்கினாலும் எனக்கு ஒன்றும் இல்லை, வாங்காவிட்டாலும் ஒன்றும் இல்லை. அதனால் “உன் சிஸ்டத்துக்கு இது வேண்டாம்பா” என்று தயங்காமல் சொல்ல முடியும். மற்ற எந்த வழியிலும், முழுத் தடையைத் தவிர, இது கிடைக்கவில்லை.

குறையும் இருக்கிறது. அட்மினுக்கு வேலை கூடும். தன் முறையில் வந்த பையன் கேம் வாங்காமல் போய்விட்டால் “என் டர்ன் வேஸ்ட்டா போச்சு” என்று புலம்பல் வரும். வந்திருக்கிறது. அதற்கு மறு வாய்ப்பு தருவதில்லை என்று கறாராக வைத்துவிட்டோம். தந்தால் தன் முறையில் வந்தவனை வாங்கவைக்கத் துரத்துவார்கள், பழைய வியாதி திரும்பிவிடும்.

கூடவே இன்னொரு விதி சேர்த்தோம். ஃப்ரீ ஃப்ளை முடிவதற்கு முன் யாரையும் வாங்கச் சொல்லக்கூடாது. இலவசமாக ஆடட்டும், லிஃப்டில் காத்திருக்கட்டும், முப்பதாயிரம் வாங்கட்டும். அதற்கு அப்புறமும் பிடித்திருந்தால் அவனே கேட்பான். வாங்குபவனிடம், 30 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேமுக்குள் சம்பாதித்த பணம் ஆல்ஃபா காலத்தில் அவ்வப்போது அழிக்கப்படும், காசு கொடுத்து வாங்கியது மட்டும் தங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இதைத் தெரியாமல் வந்து, பாடுபட்டுச் சேர்த்தது ஒரு பேட்சில் காணாமல்போனதும் குழுவைத் திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு.

கார்டு விவகாரம்

விதி எழுதும்போது யாரும் நினைக்காத ஒன்று. டாலரில் வாங்க வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கும் கார்டு வேண்டும். 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடியேதான் வரும், நாமே வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். பல பையன்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அப்பா கார்டில் கைவைக்கப் பயம். ஆகவே கிரெடிட் கார்டு வைத்திருக்கும் ஓர் அண்ணன் எல்லாருக்கும் தேய்த்துக் கொடுத்து, ஜிபேயில் ரூபாயாக வாங்கிக்கொள்வார். நல்ல மனசுதான். ஆனால் கார்டு தருபவர் “என் கோடு போட்டாத்தான் தேய்ப்பேன்” என்றால் பட்டியல் எல்லாம் வெறும் காகிதம். கார்டு தருவதற்கும் கோடுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது என்று தனியாகவே எழுதிவைத்தோம். பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டால் அதுவும் கார்டுக்காரருக்குத்தான் போகும் என்பதால், அவரவர் கார்டையே திறந்துகொள்வது நல்லது.

மொபைல் பையன்களுக்கு ஒரு வார்த்தை

குழுவின் பெரும்பகுதி இவர்கள்தான் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன ஒப்பீடு எல்லாம் உண்மையான ரெஃபரல் திட்டம் உள்ள கேமுக்கு. வெளிவராத எல்லா கேமுக்கும் அப்படி ஒன்று இருக்காது.

2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையானது. 2023 ஆகஸ்ட் கடைசியில் ஃப்ரீ ஃபயர் இந்தியா என்று அறிவித்து, செப்டம்பர் 5 தேதியும் சொல்லி, தோனியை வைத்து விளம்பரமும் வந்தது. தலயே வந்துவிட்டார் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஸ்டேட்டஸ் பறந்தது. வெளியாகும் நேரத்தில் சில வாரம் தள்ளிவைக்கிறோம் என்றார்கள். தேதி மறுபடி வரவே இல்லை, அந்த இடைவெளியில் ஏபிகே லிங்குகள், அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் இறக்கச் சொல்லும் லிங்குகள், வந்தன. “பத்து பேருக்கு ஷேர் பண்ணா டைமண்ட்” (அந்த கேமுக்குள் ஓடும் காசு) என்று வந்ததெல்லாம் அந்த வகை. ஆள் சேர்த்தால் பரிசு என்ற அதே ஆசைதான், பின்னால் கம்பெனி மட்டும் இல்லை. ஜிடிஏ 6-க்கு 2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் “பீட்டா ஆக்சஸ், மூன்று பேரைச் சேர்த்தால் கீ” என்று மெசேஜ் சுற்றுகிறது. அதைத் திறக்கவே வேண்டாம்.

ஆகவே குழுவில் லிங்காக எதுவும் போடக்கூடாது, கோடு மட்டும் எழுத்தாகப் போடலாம் என்று வைத்தோம். கேமின் தளத்துக்கு அவரவரே போய், படிவத்தில் கையால் அடிக்கட்டும். லிங்கைத் தொட்டுக் காசு போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

இன்னும் முடியாத ஒன்று

எங்களில் ஒருவர் திருவொற்றியூரிலிருந்து தமிழில் ஸ்டார் சிட்டிசன் ஸ்ட்ரீம் செய்கிறார். பட்டியல் விதி அவருக்கும் பொருந்துமா என்று கேட்டார். அவர் சேனல், அவர் உழைப்பு, அதைப் பார்த்து வருபவர்கள் அவர் ஆட்கள். அங்கே அவர் கோடு போடுவதை நாங்கள் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒன்று மட்டும் கேட்டோம். பரிசு கிடைக்கும் என்பதை வீடியோவிலேயே வாயால் சொல்ல வேண்டும். விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-லேயே, ஆதாயம் வாங்கிப் பேசுபவர்கள் அதைத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று நெறிமுறை வைத்தது. நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில் அதையே சொன்னது. காசாக வந்தாலும் பொருளாக வந்தாலும் ஆதாயம்தான். அவர் ஒப்புக்கொண்டார்.

ஒத்துவராத இடம், அவர் சேனல் பார்த்துவிட்டு எங்கள் குழுவுக்கு வந்து உதவி கேட்பவர்கள். கோடு அவருடையது, ராத்திரி உட்கார்ந்து சிஸ்டம் சரி செய்வது நாங்கள். மே மாத ஃப்ரீ ஃப்ளைக்குள் இதற்கு ஒரு வழி சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். தான் ஸ்ட்ரீம் செய்யாத நாட்களில் குழுவில் வந்து உதவுகிறேன் என்பது அவர் பக்கத்து யோசனை. பெரம்பூர் ஆட்களுக்கு அது போதவில்லை, அவர் ஆட்கள் வரும் ஒவ்வொரு தடவையும் வீடியோவில் குழுப் பட்டியலைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அவர் யோசனையே போதும் என்று தோன்றுகிறது. வாக்கெடுப்பு வைத்தால் நான் தோற்றுவிடுவேன்.